குமிழி நிற்கிற இடம்

அவர்கள் இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். இனிமேல் கிருபாமணி செய்வதற்கு ஒன்றுமில்லை, வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர. ஒன்றுமில்லை என்ற அந்த நினைப்பே உள்ளங்காலிலிருந்து எரிச்சலைக் கிளப்பியது. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு எப்போதும் முதல் ஆளாகக் கவிழ்ந்தவள், இன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கிற சொந்தக்காரி மாதிரி. நெஞ்சுக்குள் கம்பிச்சுருள் வைத்த டாக்டர் சின்னப் பையன், அவளுக்குப் பிள்ளை என்று ஒன்று இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும், "இனிமே டைவிங் கிடையாது மேடம்" என்றான். சரி, பத்தடி? கிடையாது. அஞ்சடி, குளத்துல முங்குற மாதிரி? "மேடம், இது என்ன மீன் ஏலமா?" என்று சிரித்தான். ஏலம்தான் தம்பி. எல்லாமே ஏலம்தான். திரேஸ்புரம் கரையில் தொண்டை கிழிய மீன் ஏலம் போட்டவரின் மகள் நான், கல்லூரியில் சீட்டு வாங்கினதும் பேசித்தான், பெண்பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிப்போக முடியாது, போட்டில் கக்கூஸ் கிடையாது என்று சொன்ன புரொபசரிடம் படகேறினதும் பேசித்தான், உன்கிட்ட அஞ்சடி வாங்க முடியாதா? முடியவில்லை. படுக்கவைத்து, பக்கத்து டிவியில் அவளுடைய ரத்தக்குழாயைக் காட்டினான். கறுப்பாக, கிளை கிளையாக. அதைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, இது எவ்வளவு வளரும் என்று. வளராது மேடம், அடைக்கும் என்றான் அவன்.

கீழே ஏழு பாகம் ஆழம், நாற்பது அடிக்குமேல். மேலேயிருந்து ஒன்றும் தெரியாது, கலங்கல், பச்சையும் பழுப்புமாக ஒரு திரை. அந்தத் திரைக்குக் கீழே ஆமைப்பார். கடலுக்குள் கிடக்கிற பவளப்பாறைத் திட்டுக்கு இந்தக் கரையில் பார் என்று பேர். இது கீழத்தாழை ஊரின் பார், ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பதிமூன்று வருஷமாக வலை விடாமல் விட்டுவைத்திருக்கிற பார், விட்டுவைத்தது கிருபாமணி சொன்ன ஒரு வார்த்தைக்காக. ஷெரினும் நிஜாமும் அவளிடம் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள், கெட்டிக்காரப் பிள்ளைகள், இறங்குவதற்கு முன் ஷெரின் அவள் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போனாள், நோயாளியைத் தொடுகிற மாதிரி. தண்ணீர் சூடு. கையை விட்டால் யாரோ குளித்துவிட்டு மிச்சம் வைத்த வெந்நீர் போல இருக்கிறது. மே மாதம் முடியப்போகிறது, தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று இன்னும் கிளம்பவில்லை. காற்று வந்தால் கடல் புரளும், அடித்தண்ணீர் மேலே வரும், சூடு இறங்கும். காற்று இல்லாமல் இப்படியே வாரக்கணக்கில் கிடந்தால் பவளம் முதலில் தன் நிறத்தைக் கக்கும், வெளுக்கும், வெளுத்துப்போய் பட்டினி கிடக்கும், பிறகு சாகும். இதை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறாள். படம் போட்டு, குச்சியால் காட்டி. அப்போதெல்லாம் அது வேறு யாருடைய வீட்டுச் சாவோ மாதிரி சொல்ல வந்தது.

குமிழி கிளம்பிவிட்டது. இரண்டு கொத்து, பக்கத்தில் பக்கத்தில். அவர்கள் கீழே அளவு நாடாவை விரிக்கிறார்கள். நாடாவை விரித்து, அதன்மேல் ஊர்ந்து போய், நாடாவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குறிக்க வேண்டும். பவளம் உயிரோடு இருந்தால் நின்று அளக்கணும், வண்ண அட்டையைப் பக்கத்தில் பிடித்து எந்தச் சாயல் என்று பார்க்கணும், நோய் இருக்கிறதா என்று பார்க்கணும். செத்ததென்றால் ஒரே எழுத்து, அடுத்ததுக்குப் போய்விடலாம். ஆக, உயிர் இருக்கிற இடத்தில் ஆள் நிற்பான், ஆள் நிற்கிற இடத்தில் குமிழி நிற்கும். இதை ஒருநாள், பேச்சுத்துணை இல்லாத ஒரு வெட்டி மத்தியானத்தில், அவளே தொம்மையிடம் சொல்லித் தொலைத்தாள். "நின்னா உசுரு இருக்குன்னு அர்த்தம், நிக்காம ஓடினா சாவு, அவ்வளவுதாண்ணே எங்க படிப்பு" என்று ஜம்பமாக. தொம்மை வள்ளத்துக்காரர், கீழத்தாழைக்காரர், அவளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவாள், கோபம் வந்தால் மட்டும் அண்ணே போய் ஆம்பிளைகள் தங்களுக்குள் பேசுகிற 'வே' வந்துவிடும். இப்போது அவர் பின்னால், என்ஜின் பக்கத்தில், பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கே பார்க்கிறார் என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. சொல்லியிருக்க வேண்டாம். சொல்லாமல் இருந்திருந்தால் கரைக்குப் போகிற வரைக்குமாவது அவள் முகத்தை அவள் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டிருக்கலாம்.

"டாக்டரம்மா, தண்ணி குடிங்க. வெயிலு மண்டையப் பொளக்கு."

குடித்தாள். பாட்டில் தண்ணீரும் சூடு. குமிழி நின்றுகொண்டிருந்தது. நின்றது, நின்றது, கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி நின்றது. அப்பாடா. நிற்கிறது. அங்கே என்ன, அங்கே அந்த முகப்பில் கல்பவளம், பானையைக் கவிழ்த்தாற்போல உருண்டை உருண்டையாக, அவள் பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்தவை, அதுகளுக்கு என்ன, அவை தாக்குப்பிடிக்கும். அவளுடைய உயிர் அதில் இல்லை. அதற்கு அப்பால், நாடாவின் இரண்டாவது பாதியில், அவள் நட்டது இருக்கிறது. சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கல் தோண்டி எடுத்தவர்கள் மொட்டையாக்கிவிட்டுப் போன தரையில், சிமெண்ட் பலகை பலகையாக இறக்கி, உடைந்த மான்கொம்புப் பவளத்தின் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டி, விரல் நுனி தோல் உரிய உரியக் கட்டி, முதல் வருஷம் விரல் அளவு, பிறகு முழங்கை அளவு, பிறகு ஒரு புதர், பிறகு ஒருநாள் அவள் இறங்கினபோது பலகையே தெரியவில்லை. எங்கே என் சிமெண்ட் என்று தேடினாள். ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தால் முகமூடிக்குள் தண்ணீர் வரும், வந்தது, உப்புத்தண்ணீர் கண்ணுக்குள் எரிந்தது, எரிய எரியச் சிரித்தாள். அந்தப் புதருக்குள் தீக்குச்சி அளவு மீன்குஞ்சுகள், ஒரு கூட்டம், அவள் கையை நீட்டினதும் உள்ளே ஓடி ஒளிந்து, எடுத்ததும் எட்டிப்பார்த்தன. யாரிடம் போய்ச் சொல்ல? மேலே வந்து தொம்மையிடம்தான் சொன்னாள். "குடியேறிட்டாவளா?" என்றார் அவர், புது வீட்டைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

அதே தொம்மைதான், பாரில் வலை விடாதீர்கள் என்று அவள் கேட்கப் போன முதல் கூட்டத்தில் எழுந்து நின்று கத்தினவர். கெபி முன்னால், மாதாவின் சிலைக்குக் கீழே, பாய் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. ஊர்க்கமிட்டித் தலைவர் மோத்தா நாற்காலியில். அவள் பேச ஆரம்பித்து நாலு வாக்கியம் ஆகவில்லை, "இந்தப் பொம்பள யாரு, நம்ம கடல நமக்குப் பூட்டுததுக்கு?" என்றார் தொம்மை. அவளுக்கு ரத்தம் ஏறிவிட்டது. "நான் பூட்ட வரல வே, ஒம்ம வீட்டுச் சட்டிய நீரே ஒடைக்காதீரும்னு சொல்ல வந்திருக்கேன்" என்றாள். கூட்டம் ஓவென்று சிரித்தது, ஒரு பொம்பளை வாயில் 'வே' வந்ததற்கே பாதிப்பேர் அவள் பக்கம் வந்துவிட்டார்கள். பிறகு பேரம். பேரம் என்றால் அவளுக்கு விளையாட்டு. ஐந்து வருஷம் என்று ஆரம்பித்தாள், மூன்றுக்கு இறங்குவதற்காக. பார் முழுக்க என்று ஆரம்பித்தாள், நடுவை மட்டும் வாங்குவதற்காக. கடைசியில் முழுப் பாரையும் வாங்கிக்கொண்டு மூன்று வருஷத்தில் முடித்தாள். "மூணாம் வருஷம் பாரைச் சுத்தி மீன் வரலன்னா என்னய இதே கெபி முன்னால நிக்கவச்சுக் கேளுங்க." மீன் வந்தது. களவாய் வந்தது, விளமீன் வந்தது, பாருக்கு வெளியே வலை விட்டவர்கள் வள்ளம் தாழத் தாழ வந்தார்கள். ஒரு விடியற்காலையில் அவள் கதவைத் திறந்தால் வாசல்படியில் பனையோலையில் சுற்றின ஒரு விளமீன், கொண்டுவந்து வைத்தவர் தெருமுனையில் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார், நடையைப் பார்த்தாலே தெரிந்தது தொம்மை என்று. மூன்று வருஷம் முடிந்தபோது யாரும் பேச்செடுக்கவில்லை. அப்படியே ஓடிவிட்டது. இந்த வருஷம்தான், கரைப்பக்கம் ஒன்றுமே படவில்லை, நண்டும் இல்லை, இளவட்டங்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்: பார்தான் வெந்து செத்துப்போச்சு என்கிறார்களே, செத்ததை யாருக்காக அடைகாக்கிறோம்? இன்று சாயங்காலம் கமிட்டி. மோத்தா நேர்மையான ஆள், சுற்றிவளைத்துப் பேசமாட்டார். "உசுரோட இருந்தா நாங்க தொடல மேடம். செத்துட்டுன்னா நண்டுவலை விடுவோம். போயிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். நியாயம்தானே. அவளே பேசினால்கூட இதைவிட நியாயமாகப் பேசியிருக்க முடியாது.

குமிழி நகர்ந்தது, நின்றது. நல்லது. நில்லுங்கள் பிள்ளைகளே, நின்று பாருங்கள், அவசரம் வேண்டாம். ஆனால் நிற்பதற்கும் இரண்டு அர்த்தம் இருக்கிறதே, தொம்மையிடம் அதைச் சொல்லவில்லையே அவள். நல்ல பவளத்துக்கும் நிற்பார்கள், வெளுத்ததற்கும் நிற்பார்கள். வெளுத்தது சாகவில்லை, சாகவும் இல்லை பிழைக்கவும் இல்லை, அதற்கும் அட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். முதன்முதலாக அவள் வெளுத்த பாரைப் பார்த்தது அந்தப் பெரிய வெளிறல் வருஷத்தில், முப்பது வயதும் சொச்சமும், வேறொரு தீவுப் பக்கம். இறங்கினதும் அவளுக்கு என்ன தோன்றியது என்பதை இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அழகாக இருந்தது. அய்யோ, என்ன அழகு. நீலத்துக்குள் கண்ணுக்கெட்டின தூரம் வெள்ளை, உப்பளத்தில் அம்பாரம் போட்டுவைத்த மாதிரி, நிலா வெளிச்சத்தைக் கட்டியாக உடைத்துக் கொட்டின மாதிரி. அவள் கைகால் ஆட்டாமல் அப்படியே மிதந்தாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, சந்தோஷமாக இருந்தாள். அதற்குப் பிறகுதான் மூளை வேலை செய்தது, இது பிணக்காடு ஆகப்போகிறது, நீ வேடிக்கை பார்க்கிறாய் என்று. ஆனால் அந்த இரண்டு மூச்சு. அதை அவளால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அந்த வருஷம் கச்சான் சீக்கிரம் வந்தது, கொஞ்சம் பிழைத்தது. பிழைத்ததை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினாள், அதை வைத்து வேலை நிரந்தரமானது, சிங்கப்பூர் போய்வந்தாள். யோசித்துப் பார்த்தால் அவளுடைய சோறு முழுக்க அந்தச் சாவில் வந்ததுதான். சாவை அளந்து அளந்து சம்பளம் வாங்கினவள். என்ன பேச்சு இது, வெயில் மூளையைக் குழப்புகிறது, துண்டை நனைத்துப் போடு. துண்டை நனைத்தாள். வெந்நீர் ஒத்தடம்.

குமிழி எங்கே?

அங்கே இல்லை. ஒரு கணம் நெஞ்சு அந்தக் கம்பிச்சுருளைக் கவ்விப் பிடித்தது. பிறகு பார்த்தாள், தள்ளி, இடதுபக்கம். நகர்ந்துகொண்டிருந்தது. நாடாவின் இரண்டாவது பாதி. அவளுடைய பாதி. நகர்ந்தது. நிற்கும், இதோ நிற்கும், அந்த முதல் வரிசைப் பலகையில் நிற்கும். நகர்ந்தது. சரி, முதல் வரிசை எப்போதுமே கொஞ்சம் சோனிதான், இரண்டாவதில் நிற்கும். இரண்டு கொத்துக் குமிழியும் ஜோடியாக, பேசிவைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி, ஒரே சீராக, நிற்காமல். நீரோட்டமாக இருக்கும். குமிழி மேலே வருவதற்குள் ஓட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கும். ஓட்டம் இல்லை, வள்ளம் கட்டின இடத்தில் பிணம் போலக் கிடக்கிறது, அவளுக்கே தெரிகிறது. காற்று தீர்ந்துபோய் அவசரப்படுகிறார்களா? இப்போதுதானே இறங்கினார்கள். நிஜாமுக்கு வயிறு சரியில்லை என்றான் காலையில். அதுதான், அதுதான், வயிற்றுவலி, சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறான், மேலே வரட்டும், பல்லைத் தட்டிக் கையில் கொடுக்கிறேன், வயிற்றுவலிக்காக என் பாரை ஓட்டமாக ஓடிப் பார்க்கிறாயா லே? குமிழி போய்க்கொண்டே இருந்தது. அவள் தன் வாழ்க்கையில் ஒரு குமிழியை இவ்வளவு வெறுத்ததில்லை. நில், நில், ஒரு இடத்திலாவது நில்லேன், ஒரு சின்னத் துண்டு, சுண்டுவிரல் அளவு, அந்த வடக்கு மூலையில் ஒன்று இருக்குமே, சாய்ந்து வளர்ந்தது, கட்டின நூல் அறுந்தும் விடாமல் பிடித்துக்கொண்டு வளர்ந்தது, அங்கேயாவது.

"தொம்மையண்ணே" என்றாள் திடீரென்று, உரக்க. "அங்க கரையில என்ன, பொகை மாதிரி இல்ல?"

திரும்பிப் பார்த்தாள். அவர் கரையைப் பார்க்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கழுத்தை மெல்லத் திருப்பி, குமிழி போகிற வேகத்துக்குக் கழுத்தும் போனது.

"நான் ஒண்ணும் சின்னப்பிள்ள இல்ல டாக்டரம்மா" என்றார்.

"என்னத்தக் கண்டீரு? குமிழியப் பாத்தா எல்லாம் தெரிஞ்சிருமா ஒமக்கு?"

"நீங்கதான சொல்லித்தந்தீங்க."

"நான் ஆயிரம் சொல்லுவேன் வே! கீழ என்ன இருக்குன்னு மேல வந்து அந்தப் பிள்ளைங்க சொல்லணும். அதுக்குள்ள கமிட்டில போயி நான் கண்ணால பாத்தேன்னு கத சொல்லப்போறீரா? போம், போயி வலையத் தூக்கிட்டு வாரும், யாரு வேண்டாம்னா?"

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். அதைப் பார்த்தார். மறுபடியும் வைத்துக்கொண்டார். "நான் ஒரு வார்த்த பேசல. எதுக்குப் போட்டுக் கத்துதீங்க? நெஞ்சுல கம்பி வச்சிருக்கு. ஒக்காருங்க."

எழுந்து நின்றுவிட்டிருந்தாள் போல. உட்கார்ந்தாள். கத்தினது நன்றாக இருந்தது, அதுதான் வெட்கம், ஒரு ஆள் கிடைத்தாரே என்று இருந்தது. ஆள் வேண்டும் அவளுக்கு. ஆள் இருந்தால் அவள் ஜெயிப்பாள், இல்லை தோற்பாள், இரண்டுமே பழக்கம். காளவாசல்காரன் ஒருத்தன், கல் எடுக்க ஆள் அனுப்பினவன், அவன் வீட்டுக் கூடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பச்சைத்தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்து கையெழுத்து வாங்கியிருக்கிறாள். இழுவைமடி விசைப்படகு முதலாளி ஒருத்தன், அவளுடைய வண்டியைக் கொளுத்தினவன், அவன் மகளுக்கே விலங்கியலில் சீட்டு வாங்கிக் கொடுத்து அவனைத் தலைகுனிய வைத்திருக்கிறாள். சென்னையில் ஏசி அறைக்குள் கோப்பை மூடிவைத்துக்கொண்டு "அடுத்த வாரம் வாங்க" என்ற அதிகாரி, அடுத்த வாரம் அவன் அறைக்குள் ஒரு வாளி செத்த மீனோடு போனாள், நாற்றத்தில் அன்றைக்கே கோப்பு நகர்ந்தது. ஊரெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். வாளியை எங்கே கொண்டுபோய் வைப்பாள் இப்போது? இந்தச் சூட்டுக்கு வீடு எது, வாசல் எது, எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, யாரைச் சட்டையைப் பிடிக்க? பெரிய பெரிய மாநாட்டில் பெரிய பெரிய ஆட்கள் வட்டமேஜையில் உட்கார்ந்து அரை டிகிரிக்குப் பேரம் பேசுகிறார்கள், டிவியில் பார்த்தாள், மட்டமான பேரக்காரர்கள், எழுந்துபோகத் தெரியாதவர்கள், அவளை ஒருநாள் அங்கே விட்டால். விட்டால் என்ன? என்ன செய்துவிடுவாய்? நீ ஏறிவந்த காரும் வண்டியும், இந்த வள்ளத்து என்ஜினும், ஆஸ்பத்திரியில் உன்னைப் பிழைக்க வைத்த கரண்டும் எல்லாம் அந்தச் சூட்டின் பக்கத்து ஆள்தானே. எதிராளி என்று நினைத்துக் கையை ஓங்கினால் அங்கே உன் முகமும் இருக்கிறது, தொம்மை முகமும் இருக்கிறது. யாரை அடிக்க? இந்த மே மாதத்துக் கடலைப் போலத்தான் அவளுக்குள்ளும், எவ்வளவு நேரம் கொதித்தாலும் ஒரு அலைகூட எழும்பாமல்.

இரண்டு கொத்துக் குமிழியும் ஒன்றாகச் சேர்ந்தது, பெரிதானது, வள்ளத்துக்குப் பக்கத்தில் வந்தது. மேலே வருகிறார்கள். வரவேண்டாம் என்று இருந்தது அவளுக்கு. இன்னும் கொஞ்சநேரம் கீழேயே இருங்கள். நீங்கள் வாயைத் திறக்காத வரைக்கும் அது நீரோட்டம், அது நிஜாமின் வயிற்றுவலி. பொட்டென்று நிஜாமின் தலை வந்தது, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்க்காமல் தொம்மையைப் பார்த்து சிலிண்டரை நீட்டினான். ஷெரின் வந்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஏறாமல், தண்ணீரிலேயே நின்றாள். கண்ணெல்லாம் சிவப்பு, உப்புத்தண்ணீர் பட்டால் அப்படித்தான் இருக்கும்.

"சொல்லு" என்றாள் கிருபாமணி.

"முன்பக்கம் கல்பவளமெல்லாம் இருக்கு மேடம். வெளுத்திருக்கு. எல்லாமே வெளுத்திருக்கு, ஒண்ணு விடாம. ஆனா உசுரு இருக்கு, தசை இருக்கு, நான் ஒவ்வொண்ணா பாத்தேன்."

"பின்பக்கம்?"

ஷெரின் நிஜாமைப் பார்த்தாள். நிஜாம் துடுப்புச் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

"கேட்டது காதுல விழலியா ரெண்டு பேருக்கும்?"

"பாசி ஏறிட்டு மேடம்" என்றான் நிஜாம் குனிந்தபடியே. "வெள்ளையே இல்ல. வெளுத்து முடிஞ்சு, பாசியும் ஏறிட்டு. போன மாசமே போயிருக்கும்."

"வடக்கு மூல?"

"பாத்தோம்."

"வடக்கு மூலன்னு கேக்கேன்."

"அதுவும் மேடம்."

அவள் தலையை ஆட்டினாள். சரி சரி என்று, கடைக்காரன் சில்லறை இல்லை என்று சொன்னதற்கு ஆட்டுகிற மாதிரி. ஏறிவா, கால் வழுக்கும், பார்த்து ஏறு என்றாள். ஷெரினுக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினாள். போன மாசமே. போன மாசம் அவள் வீட்டில் மாத்திரை எடுத்துக்கொண்டு படுத்திருந்தாள், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் பூத்திருந்ததைப் பார்த்துக்கொண்டு, அந்த நேரத்தில் இங்கே. மீன்குஞ்சுகள் எங்கே போயிருக்கும்? கேட்கக்கூடாது, கேட்டால் இந்தப் பெண் அழுதுவிடும், அது அழுதால் இந்த வள்ளத்தில் எல்லாரும். ஷெரின் ஒரு பிஸ்கட்டை எடுத்து, தின்னாமல் கையில் வைத்திருந்தாள். பிஸ்கட் நனைந்து உடைந்து மடியில் விழுந்தது.

தொம்மை கயிற்றை அவிழ்க்கவில்லை. என்ஜினைத் தொடவில்லை. "முன்பக்கம் இருக்குங்கீங்க" என்றார்.

"இருக்கு."

"அதுல இப்ப வலை விழுந்தா?"

"செத்துரும்" என்றாள். "அது இப்ப எலும்பும் தோலுமா கெடக்கு தொம்மையண்ணே. வலை உரசினாலே போதும். அது நிச்சயம்."

"விடாம வச்சிருந்தா பொழைக்குமா?"

இங்கேதான் அவள் எப்போதும் பாய்வாள். பிழைக்கும், நான் பொறுப்பு, மூன்று வருஷம் கொடு, என்னை கெபி முன்னால் நிற்கவை. நாக்கு அந்தத் தடத்தில் போய்ப் போய்ப் பழகியது. வாயைத் திறந்தாள். காற்று இல்லை. முகத்தில் வியர்வை காயவில்லை. எண்ணெய் ஊற்றிவைத்த தாம்பாளம் போலக் கடல்.

"தெரியாதுண்ணே" என்றாள். தன் குரல்தானா என்று இருந்தது. "கச்சான் வந்தா பொழைக்கலாம். வரலன்னா நீங்க வலை விட்டாலும் விடாட்டியும் ஒண்ணுதான். எனக்குத் தெரியாது."

அவர் அவளையே பார்த்தார். பெரிய எதையோ சொல்லப்போகிறார், திட்டப்போகிறார், திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தாள். அதற்குள் அவர் சட்டைப்பையில், பிளாஸ்டிக் கவருக்குள், போன் அடித்தது. கவரோடு எடுத்துக் காதில் வைத்தார்.

"ஆங், மோத்தாண்ணே... ஆமா, ஏறிட்டாவ, பாத்தாச்சு... எங்க, பாதி போச்சு. அந்தம்மா நட்ட பக்கம் பூராவும் போச்சு. நம்ம பழைய கல்லு இருக்கு, காய்ச்சல்ல கெடக்கு... இல்ல, சாவல. காய்ச்சல்ல கெடக்குன்னு சொல்லுதேன்ல... வலை வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். கெடக்கட்டும்ணே, காய்ச்சக்காரன் மேல போயி எவனாவது ஏறி மிதிப்பானா? அவங்க சொல்லிக்கொடுத்து இல்ல, நான்தான் சொல்லுதேன்... ஆமா, பயலுவ கத்துவானுவ, தெரியும், அதுக்கு என்ன சொல்ல..." கேட்டுக்கொண்டே இருந்தார். தலையைச் சொறிந்தார். பிறகு போனைச் சட்டையில் துடைத்து அவளிடம் நீட்டினார். "எத்தன நாளைக்குன்னு கேக்காரு. பயலுவளுக்கு ஒரு நாளு சொன்னாத்தான் அடங்குவானுவளாம். மத்தத நான் பேசிக்கிடுதேன். இத நீங்கதான் சொல்லணும்."

வாங்கிக் காதில் வைத்தாள். சுட்டது. ஒரு எண் சொன்னால் போதும், அவளுக்குத் தெரியாததா, ஒரு மாசம் என்றால் மோத்தா ஒத்துக்கொள்வார், இரண்டு என்றால் முனகிவிட்டு ஒத்துக்கொள்வார். ஊர் அடங்கும். ஒரு மாசம் கழித்து காற்று வராவிட்டால் அந்த இளவட்டங்கள் அவளைத் தேடிவந்து கேட்பார்கள். இரண்டு மாசத்தில் வந்தால் அவள்தான் கெட்டிக்காரி. எண் நுனிநாக்கில் இருக்கிறது, எந்த எண்ணும் இருக்கிறது. ஷெரின் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொம்மை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், அவள் என்ன சொன்னாலும் தான் கேட்கவில்லை என்று ஆக்கிக்கொள்ள வசதியாக. காதுக்குள் மோத்தாவின் மூச்சு, அதற்குப் பின்னால் கெபிப் பக்கத்து ஆட்களின் பேச்சுச் சத்தம், ஒரு பிள்ளை அழுவது, பாத்திரம் உருள்வது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா? கேக்குதா?"

"கேக்குது" என்றாள்.

"சொல்லுங்க. எத்தன நாளைக்கு?"

தலையை நிமிர்த்தித் தென்மேற்கே பார்த்தாள். ஒரு மேகம் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை தண்ணீரில்.

"மேடம், கேக்குதா?"

"கேக்குது" என்றாள். "கேக்குது."